தலைவர் கண்ணை மூடிய கல்யாணம்

கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் படக்காரருக்கு வந்த விசாரணை அழைப்பு, கல்யாணப் பத்திரிகை மாதிரியே இருந்தது. தடித்த அட்டை, ஓரமெல்லாம் பொன்னிறக் கொடி, மேலே இரண்டு கிளிகள். அழைத்த பேரவையின் செயலாளர் அச்சகம் வைத்திருப்பவர். ஆயுசு முழுக்கக் கல்யாணப் பத்திரிகை மட்டுமே அடித்த கை என்பதால் அவருக்கு வேறு மாதிரி எழுத வராது. "அன்புடையீர், நிகழும் புதன்கிழமை காலை நல்லதோர் வேளையில் தங்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை பேரவை மாடியில் இனிதே நடைபெற இருப்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறப்பிக்க வேண்டுகிறோம்" என்று எழுதியிருந்தார். கீழே சின்ன எழுத்தில், அன்பளிப்புகளைத் தவிர்க்கவும் என்று ஒரு வரி. மற்றதையெல்லாம்விட அந்த வரியைத்தான் படக்காரர் திரும்பத் திரும்பப் படித்தார். தவிர்க்கச் சொல்கிறார்களா, ஞாபகப்படுத்துகிறார்களா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. அனைத்துத் திருமண நிகழ்வுச் சேவையாளர் ஐக்கியப் பேரவை என்பது அந்த அமைப்பின் பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மணமேடை காலியாகிவிடும். படம் எடுப்பவர், பூ கட்டுபவர், சமைப்பவர், மைக்செட் போடுபவர், முக அலங்காரம் செய்பவர் என்று கல்யாணத்தில் கூலி வாங்கும் யாரும் அதன் அட்டையைக் கழுத்தில் மாட்டாமல் எந்த மண்டபத்து வாசலையும் தாண்ட முடியாது. நீக்கப்பட்ட விளக்குக்காரர் ஒருவர், தன் சொந்தத் தம்பி கல்யாணத்துக்கே 'விருந்தாளியாக மட்டும் வருகிறேன்' என்று எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனார். மேடை விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தபோது, எழுந்து போய்த் திருகக் கை பரபரக்க, தன் தொடைகளுக்கடியில் கைகளை வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று சொல்வார்கள்.

பேரவையின் தலைவர் நாற்காலி வாடகைக்கு விடுபவர். அவர் தலைவரான கதை எளிமையானது. முதல் கூட்டத்துக்கு நாற்காலி கொடுத்தவர் அவர்தான். தன்னைத் தேர்ந்தெடுக்காவிட்டால் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிவிடப்போவதாகச் சொன்னார். எல்லோருக்கும் கால் வலித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலும் அப்படித்தான் ஒருமனதாக முடிந்துவருகிறது.

அப்பேர்ப்பட்ட தலைவரின் ஒரே மகள் கல்யாணத்தைத்தான் நம் படக்காரர் எடுத்தார். எடுக்கும்போதே அவருக்குச் சந்தேகம் தட்டியது. மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்திடும் படத்தில் பின்னால் நிற்கும் தலைவரின் கண்கள் மூடியிருந்தன. மோதிரம் மாற்றும் படத்திலும் மூடியிருந்தன. உறவினர் கூட்டத்தோடு நின்ற படத்தில் ஏழெட்டுப் பொடிசுகள்கூட கண்ணை உருட்டிக்கொண்டு நிற்க, தலைவர் மட்டும் மூடியிருந்தார். இன்னொரு தடவை நில்லுங்கள் என்று தலைவரிடம் யார் சொல்வது? படக்காரர் சொல்லவில்லை. ஆல்பத்தைக் கொடுத்துவிட்டு, அவர் கவனிக்கமாட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தார். தலைவர் ஆல்பத்தில் தன்னைத் தவிர வேறு யாரையும் கவனிக்கவில்லை.

அழைப்பு வந்த சாயங்காலம் படக்காரர் கை கால் ஓடாமல் மச்சானுக்குப் போன் போட்டார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன்; மண்டபங்களுக்குப் பூ அலங்காரம் செய்பவர். அப்போது அவர் ஒரு மண்டபத்தில் ஏணிமேல் நின்றிருந்தார். கீழே மைக்செட்காரர் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், தலைவரு கண்ண மூடிட்டாரு" என்றார் படக்காரர், அழாத குறையாக.

"என்ன மாப்ள சொல்ற?"

"ஆமா மச்சான். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

இடையில் ஆல்பம், படம் என்றெல்லாம்கூடச் சொன்னார். அதையெல்லாம் ஒலிபெருக்கி விழுங்கிவிட்டது. மச்சான் ஏணியிலிருந்து இறங்கி, ஒரு பூக்கூடையின்மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு தொழில்காரர் ஆனதால், கண்ணைத் துடைத்துக்கொண்டு மலர்வளையம் கட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் நின்ற மைக்செட்காரருக்கு விஷயம் தெரிந்தபிறகு வேறு யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை காலை படக்காரர் பேரவை அலுவலகத் தெருவுக்குள் நுழைந்தபோது அங்கே நல்ல கூட்டம். வாசலில் கறுப்புத் துணி. தன் விசாரணைக்கு இத்தனை பேரா என்று அவர் ஓரமாக ஒதுங்கினார். முன்பின் பேசாதவர்கள்கூட வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சமையல்காரர் அவரைத் தனியாக ஒதுக்கி, கடைசியாகத் தலைவரைப் படம் எடுத்தது நீங்கள்தானாமே என்று கேட்டார். மறுக்க முடியாது என்று தெரிந்து படக்காரர் தலையை ஆட்டினார். எப்படி இருந்தார் என்று கேட்டார்கள். நின்றுகொண்டிருந்தார், கண்ணை மூடியிருந்தார் என்று உள்ளதைச் சொன்னார் படக்காரர். நின்றபடியேவா என்று கூட்டம் வாயைப் பிளந்தது. தலைவரைத் தவிர வேறு யாருக்கு அப்படி வாய்க்கும் என்று ஒருவர் விம்மினார். அந்த விம்மல் தன்னைக் குறித்த அனுதாபம் என்று நினைத்துப் படக்காரரும் கலங்கினார்.

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் கார் வந்து நின்றது. தலைவர் இறங்கினார்.

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. முதலில் சுதாரித்தவர் மச்சான்தான். கையிலிருந்த மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்த் தலைவர் கழுத்தில் போட்டார். உள்ளே மூங்கில் வளைவு இருந்ததால் அது மாலை போலத் தழையாமல் வண்டிச் சக்கரம் போல நின்றது. கூட்டம் கைதட்டியது. செயலாளர் தன் கையிலிருந்த இரங்கல் அறிக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். தலைவர் கையை நீட்டினார். கிளி போட்ட அந்த அறிக்கையை நின்ற இடத்திலேயே முழுதும் படித்தார். 'மாமனிதர்' ஒரே இடத்தில்தான் வருகிறது, அதைச் சரிசெய்து பத்திரமாக எடுத்துவையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, வளையத்தோடேயே மாடியேறினார். யாரால் வந்த குழப்பம் என்று விசாரித்ததில், படக்காரர் மீது இரண்டாவது குற்றச்சாட்டு சேர்ந்தது: தலைவர் உயிரோடு இருக்கும்போதே, முன் அனுமதியின்றி அவரது மறைவுக்குக் காரணமாக இருந்தது.

மாடியில் தலைவருக்கும் விசாரணைக் குழுவுக்கும் மெத்தை வைத்து, உறை போட்டு, முதுகில் நாடாவால் பூமுடிச்சுப் போட்ட நாற்காலிகள். படக்காரருக்கு ஒரு கால் வளைந்த பிளாஸ்டிக் நாற்காலி. அதில் பயமில்லாத மனிதன் உட்கார்ந்தாலே ஆடும். குழுவில் செயலாளரோடு சமையல்காரரும் மைக்செட்காரரும் இருந்தார்கள். மைக்செட்காரர் ஒரு மைக்கைப் படக்காரரின் வாயோடு ஒட்டி வைத்தார். அவர் "ஐயா" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் மைக் 'கூ' என்று ஊளையிட்டது. செயலாளர் குனிந்து, 'கேள்விக்குக் குற்றம் சாட்டப்பட்டவர் ஊளையிட்டார்' என்று எழுதிக்கொண்டார்.

ஆல்பம் கைமாறியது. சமையல்காரர் நிபுணர் கருத்தாகச் சொன்னது, படம் சரியாக வேகவில்லை என்பது. எடுத்தவுடன் இறக்கிவிட்டிருக்கிறார், இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் கண் தானாகத் திறந்திருக்கும் என்றார். கேமராவைத் திறந்து பார்த்த மைக்செட்காரர், இதற்குள்ளேயே ஏதோ ஒன்று மூடி மூடித் திறக்கிறது, மூடுவது இதன் பிறவிக்குணம் என்று கண்டுபிடித்தார். உடனே கேமராவும் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி இரும்பு அலமாரியில் அடைக்கப்பட்டது. இத்தனை வருஷம் கழுத்தில் தொங்கிய கனம் இல்லாமல் படக்காரருக்குத் தலை காற்றில் மிதப்பது போல இருந்தது.

பிறகு தலைவர் எழுந்தார். வளையம் இன்னும் கழுத்தில்தான் இருந்தது.

"நான் இந்தப் பதவிக்கு வந்த நாள்லேருந்து கண்ண மூடினதே இல்ல" என்றார். "சமையல்காரரு கெட்டுப்போன சாப்பாடு போட்டாரு. அரை மண்டபம் வாந்தி எடுத்துச்சு. நான் கண்டுக்கல. மைக்செட்காரரு உறுப்பினர் சந்தாவ எடுத்து வீட்டுக்கு மாடி கட்டினாரு. நான் கண்டுக்கல. ஆனா ஒண்ணு. எல்லாத்தையும் கண்ண நல்லாத் திறந்து வெச்சுக்கிட்டுதான் கண்டுக்காம இருந்தேன். அதுக்குப் பேரு நிர்வாகம். கண்ண மூடிட்டுக் கண்டுக்காம இருக்குறது சோம்பேறித்தனம். அந்தப் பழிய என்மேல போட நான் விடமாட்டேன்."

சமையல்காரரும் மைக்செட்காரரும் பெருமையோடு தலையாட்டினார்கள். தீர்ப்பு சுருக்கமாக வந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்தில், அதே கல்யாணத்தில் எடுத்த படம், தலைவர் கண் திறந்திருக்கும் படம், ஒன்றே ஒன்றாவது திரையில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் படக்காரர் நீக்கம். முக அலங்காரம் செய்யும் அவர் மனைவியும் நீக்கம். உயிரோடிருப்பவருக்கு வளையம் போட்ட வகையில் மச்சானும் நீக்கம். 'குடும்பத்தோடு வருக' என்று செயலாளர் பழக்கத்தில் சேர்த்து வாசித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த படக்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஆல்பத்தில் சேர்க்காமல் விட்ட படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளினார். பக்கத்தில் மனைவி. அந்தக் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு அலங்காரம் செய்தவள் அவள்தான். படத்துக்குப் படம் தலைவரின் மூடிய இமைகள்தான் வந்தன. பயத்தில் படக்காரருக்கு அது தலைவராகவே தெரியவில்லை. தன்னை நோக்கிச் சாத்தப்பட்ட மண்டபக் கதவுகளாகத் தெரிந்தது.

மனைவி ஒரு படத்தை நிறுத்திப் பெரிதாக்கச் சொன்னாள்.

"இவரு கண்ணச் சிமிட்டலைங்க. இறுக்கி மூடியிருக்காரு. கல்யாணப் பொண்ணுங்க மை கரைஞ்சிடக் கூடாதுன்னு அழுகைய அடக்குவாங்க பாருங்க, அப்ப இப்படித்தான் மூடுவாங்க. தாடையப் பாருங்க. மனுஷன் அழுறாருங்க."

தலைவராவது அழுவதாவது என்று படக்காரர் படத்தைத் தள்ளினார். தள்ளியதுதான் வினை. அடுத்து வந்தது, நாற்காலிகள் அடுக்கும் கிடங்கு. ஃப்ளாஷ் சரியாக அடிக்கிறதா என்று பார்க்க, மேடைக்குப் பின்னால் போய் அடுக்கிவைத்த நாற்காலிகளை அவர் சும்மா ஒரு படம் எடுத்திருந்தார். அப்புறம் அதைத் திரும்பிப் பார்க்காததால் எடுத்ததே மறந்துபோயிருந்தது. அந்தப் படத்தின் ஓரத்தில், ஒற்றை நாற்காலியில் தலைவர் உட்கார்ந்திருந்தார். வாய் கோணிக்கொண்டு, மூக்கு ஒழுகி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போன பிள்ளையைப் போல. மணக்கோலத்தில் மகள் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, தன் கல்யாண உடையின் நுனியால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். தலைவரின் கண்கள் அகலத் திறந்திருந்தன.

கேட்ட படம் கிடைத்துவிட்டது. காட்டினால் குடும்பம் பிழைக்கும் என்று தீர்ப்பின் எழுத்துப்படி சொல்லலாம். ஆனால் காட்டியவன் பிழைப்பானா? படக்காரர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். அந்தப் படம் இருக்கிற வீட்டில் இருக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் வேறு வழி பார்த்தார். பேரவைத் தேர்தல் சுவரொட்டியிலிருந்த தலைவரின் கண்களை வெட்டி, மோதிரம் மாற்றும் படத்தில் ஒட்டினார். உள்ளே அழுகையை அடக்கும் முகம், மேலே ஓட்டுக் கேட்கும் கண். பார்ப்பதற்கு யாரையோ கடிக்கப் போகிறவர் போல இருந்தார் தலைவர். ஆனாலும் கண் திறந்திருந்தது. அதை மட்டும் பென்டிரைவில் போடச் சொல்லி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். மனைவி தலைவர் மகளிடம் போனில் பேசியதும், அந்தக் கிடங்குப் படம் தனக்கு வேண்டும், கூட்டத்துக்கு வருகிறேன், கொண்டுவாருங்கள் என்று அந்தப் பெண் கேட்டதும், அதே பென்டிரைவில் அதையும் இவள் ஏற்றியதும் அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. படக்காரரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பென்டிரைவை மைக்செட்காரரே வாங்கிச் செருகினார். திரையில் கடிக்கும் கண்களோடு தலைவர் தோன்றினார். முன் வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. மற்றவர்கள் கைதட்டினார்கள். என்ன கம்பீரம் என்றார் செயலாளர். தலைவர் தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதுதான் நான் என்றார். படக்காரருக்கு உயிர் வந்தது. உட்காரலாம் என்று நாற்காலியைத் தேடினார். மைக்செட்காரர் எல்லாவற்றையும் தானாக ஓடும்படி வைத்துப் பழகியவர். திரையில் அடுத்த படம் வந்தது.

கிடங்கு. ஒற்றை நாற்காலி. ஒழுகும் மூக்கு.

கைதட்டல் பாதியில் நின்றது. அதன்பின் நடந்ததைப் படக்காரர் தன் வாழ்நாளில் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. செயலாளர் மெதுவாகக் கண்ணை மூடினார். அதைப் பார்த்துச் சமையல்காரர் மூடினார். பிறகு வரிசை வரிசையாக, மண்டபத்தில் விளக்கணைப்பது போல, பேரவை முழுவதும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. மச்சான் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். பார்க்காதவன்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

"நிறுத்து" என்றார் தலைவர். மைக்செட்காரர் கண்ணை மூடியபடி பொத்தானைத் தேடினார், அது கிடைக்கவில்லை. நிறுத்தக்கூடிய நிலையில் இருந்தவர் படக்காரர் ஒருவர்தான். அவர் ஓடிப்போய்ப் பொத்தானில் விரலை வைத்தார். ஓரமாக நின்றிருந்த தலைவரின் மகள் மேடையேறி வந்து, அது இருக்கட்டும் என்றாள்.

படக்காரரின் விரல் பொத்தான்மேலேயே இருந்தது. அழுத்தினால் தப்பலாம். அவர் படத்தைப் பார்த்தார். இத்தனை நாள் பயத்தில் பார்த்ததை, அப்போதுதான் படமாகப் பார்த்தார். வெளிச்சம் மகளின் கையில் விழுந்து, அங்கிருந்து அப்பாவின் முகத்துக்கு ஏறியிருந்தது.

"ஐயா" என்றார். இந்தத் தடவை மைக் ஊளையிடவில்லை. "நீங்க என்ன வேணா பண்ணுங்க. நான் எடுத்ததுலயே இதுதாங்க நல்லா வந்திருக்கு."

தலைவர் திரையைப் பார்த்தார்.

"அம்மாடி, அன்னைக்கு மண்டபம் பூராவும் நாற்காலி போட்டேன்" என்றார் மகளிடம். "நீ போனதுக்கப்புறம் எங்க போய் உட்கார்றதுன்னு தெரியல."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தலைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பி, எல்லோரும் கண்ணைத் திறங்கள், பரவாயில்லை என்றார். ஒருவரும் திறக்கவில்லை. இது சோதனை என்று அவர்களுக்குத் தெரியாதா? கெஞ்சினார். இன்னும் இறுக்கினார்கள். அதட்டினார். அதட்டலில் பழைய தலைவர் தெரிந்ததும், பயத்தில் சிலர் மூச்சையும் அடக்கினார்கள். செயலாளர் கண்ணை மூடியபடி எழுந்து, தலைவர் இல்லாத பக்கம் திரும்பி ஒரு தூணைக் கும்பிட்டு, "தலைவர் அவர்கள் ஆணையிட்டதைக் கேட்டோம், ஆனால் எதையும் பார்க்கவில்லை என்று இந்தப் பொதுக்கூட்டம் ஒருமனதாகத் தீர்மானிக்கிறது" என்று வாசித்தார். கையில் காகிதம் தலைகீழாக இருந்தது. ஆமோதிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. எத்தனை என்று எண்ணத்தான் ஆளில்லை.

எந்தப் படத்தையும் யாரும் பார்க்காததால், குற்றம் நடந்ததற்கும் நடக்காததற்கும் சாட்சியில்லை என்று வழக்கு அத்தோடு முடிந்தது. கேமராவை ரிப்பனோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

படக்காரர் அதை வாங்கிக்கொண்டு பக்கவாசலால் நழுவினார். வெளியே நாற்காலி வண்டியில் சாய்ந்துகொண்டு தலைவர் நின்றிருந்தார். படக்காரர் வந்த வழியே திரும்பிப்போகப் பார்த்தார். அதற்குள் தலைவர் கையசைத்துக் கூப்பிட்டுவிட்டார். மகளுக்குப் பெரிதாக ஒன்று, தனக்குச் சட்டைப்பையில் வைக்கிற அளவில் ஒன்று போட்டுத் தரும்படி, காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டார். பிறகு படக்காரரின் தோளில் கை வைத்து இன்னும் ஏதோ சொன்னார். படக்காரர் தலையாட்டினார். எதற்கு ஆட்டுகிறோம் என்று தெரிந்து ஆட்டவில்லை.

வீட்டுக்கு அவர் நடந்து வரவில்லை, கிட்டத்தட்ட ஓடிவந்தார். மனைவி முன்னாலேயே வந்து, உலையில் அரிசி போட்டுவிட்டு, சந்தோஷமாகக் காத்துக்கொண்டிருந்தாள். அட்டை போகவில்லை, மண்டபம் போகவில்லை, அண்ணனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் ஏன் இவர் வெடவெடவென்று நடுங்குகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை.

"அதான் எல்லாம் முடிஞ்சுதே. இன்னும் என்ன பயம் உங்களுக்கு?"

"இந்தப் பேரவையிலயே கண்ணத் திறந்து வெச்சிருந்தவன் நீ ஒருத்தன்தான்னாரு தலைவரு" என்றார் படக்காரர். "அடுத்த செயலாளரு நாந்தானாம். மெத்தை வெச்ச நாற்காலி, பூமுடிச்சு போட்டு, நாளைக்குக் காலைல நம்ம வீட்டுக்கே அனுப்பி வைக்கிறாராம்."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள்.